நாலஞ்சு வருசமா போட்டுப் பார்த்த மாஸ்க் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ரிவ்யூ

போன வாரம் பையனுக்கு ஸ்கூல்ல இருந்து காய்ச்சல் ஒட்டிக்கிட்டு வந்துச்சு, கிளாஸ்ல பாதிப் பேருக்கு இருமலாம், வீட்டுல எங்கம்மாவுக்கு 72 வயசு, சுகர் வேற, சரி மறுக்கா மாஸ்க் மாட்டிக்கலாம்னு பீரோ மேல இருந்த அட்டைப்பெட்டிய இறக்கினேன். தொறந்தா 2020ல இருந்து சேர்ந்தது அத்தனையும் ஒட்டுக்கா கெடக்குது. துணி, ப்ளூ, வெள்ளை, மூக்குல பட்டன் வெச்சது, எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு ஜரிகை வெச்சுத் தெச்சது. பாதிக்கு ரப்பர் இத்துப்போயிருக்கு, இழுத்தா அப்படியே கையோட வருது. சும்மா ஒக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்துட்டு இருந்தப்பதான் இதுக்கெல்லாம் ஒரு ரிவ்யூ எழுதிப் போடலாமேன்னு தோணுச்சு, ஏன்னா இப்ப மறுக்கா எல்லாரும் "எந்த மாஸ்க் வாங்கறது"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, நானும் கடையில ஒரே பதில பத்துப் பேருக்குச் சொல்லிட்டு இருக்கேன்.

நான் யாருன்னா, ஈரோட்டுல ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். டாக்டர் இல்லீங்க. ஆனா ஜெராக்ஸ் கடைக்காரன் பொழப்பு எப்படின்னு உங்களுக்கே தெரியும், வர்றவங்க ஃபோன மூஞ்சிக்கு நேரா நீட்டி, தலைய உள்ள விட்டு, "இதுல ரெண்டாவது பக்கம் மட்டும், இல்ல இல்ல அது இல்ல"ன்னு அரை அடி தூரத்துல பேசுவாங்க. இ-பாஸ் இருந்த காலத்துல கூட்டம் கேக்கவே வேண்டாம். மேல தகர சீட்டு, உள்ள மெஷின் சூடு, எனக்கு கண்ணாடி வேற. காலைல 9 மணிக்கு மாட்டுனா ராத்திரி வரைக்கும் மூஞ்சிலயே கெடக்கணும். அதனால நான் மார்க் போடறது ரெண்டே விசயத்துக்குத்தான், சைடுல காத்து போகுதா, நாள் பூரா போட்டுட்டு பேச முடியுதா. டப்பா மேல என்ன எழுதியிருக்குங்கறது அதுக்கப்பறம்தான்.

மொதல்ல கர்ச்சீப். 2020 மார்ச்ல கொரோனாவுக்காக மத்திய அரசு மொத மொதல்ல 75 மாவட்டத்த மூடச் சொல்லி லிஸ்ட் விட்டப்ப தமிழ்நாட்டுல இருந்து அதுல இருந்தது சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு, இந்த மூணுதான். பெருமையா சொல்லிக்கற விசயமா இது. தாய்லாந்துல இருந்து வந்தவங்களுக்கு இங்க பாசிட்டிவ்னு நியூஸ் வந்த அன்னைக்கே மெடிக்கல் ஷாப்ல மாஸ்க் காலி. அப்ப 3 ப்ளை, அதாவது மூணு லேயர் மாஸ்க் 10 ரூவாய்க்கு மேல விக்கக்கூடாது, 2 ப்ளை 8 ரூவாதான்னு மார்ச் 21ஆம் தேதி ஆர்டரே போட்டாங்க, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அத்தியாவசியப் பொருள் சட்டத்துலயும் சேர்த்திருந்தாங்க. நான் வாங்கற கடையில டப்பாவ பிரிச்சு சில்லறையா ஒண்ணு 30 ரூவான்னு குடுத்தாரு, பில் கேட்டா "வேணும்னா எடுங்க, இல்லாட்டி வெச்சுட்டு போங்க"ன்னாரு. வெச்சுட்டு வந்துட்டேன். கர்ச்சீப்ப முக்கோணமா மடிச்சு கட்டுனேன். பேசினா மூக்குக்கு கீழ எறங்கும், மேல தூக்கணும், தூக்குன கைய மூக்குலயே வெக்கணும், ஒரு மணி நேரத்துல எச்சில்ல நனைஞ்சு ஈரமாயிரும். எங்கப்பா துண்டு கட்டுனாரு, துண்டு கொஞ்சம் பரவால்ல, ரெண்டு மூணு சுத்து வருதில்ல. ஒண்ணுமே இல்லாததுக்கு கர்ச்சீப் ஓகே, அவ்வளவுதான்.

அப்பறம் பனியன் துணி மாஸ்க். என் மச்சான் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காரு, எக்ஸ்போர்ட் ஆர்டர் எல்லாம் நின்னு போய் கம்பெனியே மாஸ்க் தெக்க ஆரம்பிச்சுது, அந்த ஊருல பாதிக் கம்பெனி அப்ப அதான் பண்ணுச்சு. லாக்டவுன் தளர்வு விட்டதும் ஒரு கவர் நெறைய கொண்டாந்து குடுத்தாரு. சாஃப்டா, காது வலிக்காம, துவைச்சு துவைச்சு போடலாம், நான் ரொம்ப நாள் இதுதான் பெஸ்ட்டுன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் மச்சானே சொன்னாரு, "மாப்ள இத ஜன்னலுக்கு நேரா புடிச்சு இழுத்துப் பாரு." இழுத்தா சல்லடை. பனியன் துணிங்கறது நெய்யறது இல்ல, பின்றது, ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம், அதனாலதான் அது இழுவை குடுக்குது, மூஞ்சில மாட்டி இழுத்தா அந்த வளையம் அத்தனையும் வாயத் தொறந்துக்கும். தீக்குச்சி பத்த வெச்சு ஒரு முழம் தள்ளிப் புடிச்சு மாஸ்க்கோட ஊதிப் பார்த்தேன், பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. இது லேப் டெஸ்ட்டெல்லாம் இல்ல, ஆனா சிங்கிள் லேயர் துணி எப்படின்னு புரிஞ்சுக்க இது போதும்.

2020 ஜூன்ல உலக சுகாதார நிறுவனம் துணி மாஸ்க்குன்னா மூணு லேயர் இருக்கணும், மூஞ்சில படற பக்கம் ஈரம் இழுக்கற காட்டன், வெளிப்பக்கம் தண்ணி ஒட்டாத பாலியஸ்டர் மாதிரி, நடுவுல பாலிபுரொப்பிலீன்னு சொல்லுச்சு. பாலிபுரொப்பிலீனுக்கு எங்க போறதுன்னு முழிக்காதீங்க, ஜவுளிக்கடையில துணி போட்டுக் குடுப்பாங்களே நான்-ஓவன் பை, தொட்டா துணி மாதிரி இருக்கும் ஆனா துணி இல்ல, அதுதான் அது. 2019ல பிளாஸ்டிக் தடை போட்டப்ப அந்தப் பையையும் சேர்த்துத்தான் தடை பண்ணாங்க, தடை பண்ணுன ஐட்டம் அடுத்த வருசமே மூஞ்சிக்கு வந்து ஒக்காந்துக்குச்சு. மச்சான் கம்பெனில அதுக்கப்பறம் மூணு லேயர் வெச்சுத் தெச்சாங்க, மூக்குக்கு உள்ள ஒரு கம்பி. அது நல்ல மாஸ்க், துணி மாஸ்க்லயே எனக்குப் புடிச்சது அது ஒண்ணுதான். குறைன்னா வெயில் காலத்துல கொஞ்சம் மூச்சு முட்டும், மத்தியானம் ஒண்ணு மாத்திக்கணும்.

ரேஷன் கடையில ஆளுக்கு ரெண்டு மாஸ்க் குடுத்தாங்களே, அதையும் விட்டுற முடியாது. எங்க வீட்டுக்கு பத்து வந்துச்சு. எனக்கு சின்னது, தாடை வெளிய நிக்கும். எங்கம்மாவுக்கு கரெக்ட்டா இருந்துச்சு, ஓசில வந்ததுங்கற பாசம் வேற, இன்னைக்கும் கோயிலுக்குப் போனா அதத்தான் தேடுவாங்க.

இப்ப ப்ளூ கலர் சர்ஜிகல் மாஸ்க், 3 ப்ளைன்னு சொல்றது. இதப் பத்தி கொஞ்சம் நெறைய பேசணும், ஏன்னா ஊருல முக்காவாசிப் பேரு போட்டது இதுதான், அதுல முக்காவாசிப் பேரு தப்பா போட்டதும் இதுதான். ப்ளூ வெளிய, வெள்ளை உள்ள, அதுவே பல பேருக்குத் தெரியாது, இன்னைக்கு ப்ளூ நாளைக்கு திருப்பிப் போட்டா வெள்ளைன்னு ரெண்டு நாள் ஓட்டுவாங்க, எங்க கடைக்கு எதிர்ல இருந்த டீ மாஸ்டரு அப்படித்தான், கேட்டா "ரெண்டு பக்கமும் யூஸ் பண்ணாத்தானுங்கண்ணா காசுக்கு தகும்"னாரு. வேலை செய்யறது நடு லேயர்தான், மெல்ட்-ப்ளோன்னு சொல்வாங்க, பிளாஸ்டிக்க உருக்கி பஞ்சுமிட்டாய் மாதிரி ஊதி நூலாக்கி படிய வெக்கறது. சீப்பா கெடைக்கற லோக்கல் டப்பாவுல அந்த நடு லேயரே இருக்காது, அல்லது வெளி லேயர் மாதிரியே இன்னொண்ண வெச்சு ஒப்பேத்தியிருப்பாங்க. வாங்குனதும் டப்பாவுல ஒண்ண பலி குடுங்க, கத்திரி வெச்சு வெட்டிப் பாருங்க, நடுவுல வெள்ளையா, மெல்லிசா டிஷ்யூ பேப்பர் மாதிரி வேற ஒரு சீட்டு வரணும். அத துண்டுப் பேப்பர் பக்கத்துல கொண்டு போனா பொடிசு பொடிசா ஒட்டும், அதுல கரண்ட்டு இருக்கு, அந்தக் கதைய கீழ சொல்றேன். என் கடையில துண்டுப் பேப்பருக்கா பஞ்சம், நான் அப்படி டெஸ்ட் பண்ணி மூணு டப்பா திருப்பிக் குடுத்திருக்கேன். நாலாவது டப்பாவுக்கு போனப்ப என்னப் பார்த்ததுமே கடைக்காரர் "அண்ணா உங்களுக்கு ஸ்டாக் இல்ல"ன்னுட்டாரு.

நல்ல 3 ப்ளைக்கே ஒரு பெரிய குறை இருக்கு, சைடு. கன்னத்துக்கிட்ட ரெண்டு பக்கமும் மாடு நுழையற அளவுக்கு சந்து, மூச்சு எல்லாம் அந்த வழியாத்தான் போகுது வருது, காத்து எப்பவுமே சுலபமான வழியத்தான தேடும். அதுக்கு ஒரு வேலை இருக்கு, 2021 பிப்ரவரில அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையம் சிடிசி சொன்னது, மாஸ்க்க நீளவாக்குல ரெண்டா மடிச்சு, காது ரப்பர ரெண்டு பக்கமும் மாஸ்க் ஓரத்துக்கு ஒட்டி ஒரு முடிச்சு போட்டு, அப்பறம் விரிச்சு, சைடுல மிச்சமா துருத்திட்டு நிக்கறத உள்ள மடிச்சு விட்டுறணும். இல்லாட்டி சர்ஜிகல் மேல ஒரு துணி மாஸ்க் போடணும், டபுள் மாஸ்க்னு சொன்னாங்களே. பொம்மைய இரும வெச்சு அவங்க பார்த்ததுல ஒரே ஒரு மாஸ்க் பாதிக்கு கொஞ்சம் மேல புடிச்சுது, முடிச்சு போட்டப்ப முக்காலுக்கு மேல, டபுள் மாஸ்க்ல 85 சதவீதம் வரைக்கும். அதே மாஸ்க்தானுங்க, ஒரு முடிச்சு, காசு செலவில்ல. ஆனா ரெண்டு சர்ஜிகல ஒண்ணு மேல ஒண்ணு போடறதுல பிரயோஜனம் இல்ல, சந்து அப்படியே இருக்கும், மூச்சுதான் முட்டும்.

முடிச்சு போட்ட 3 ப்ளைக்கு நான் பத்துக்கு ஏழு குடுப்பேன். முடிச்சு போடாம விட்டா நாலு.

பட்டன் வெச்ச மாஸ்க், அதான் வால்வ் மாஸ்க். பார்க்க கெத்தா இருக்கும், 2020 மே மாசத்துல 250 ரூவா குடுத்து வாங்கினேன், போட்டுட்டு வண்டில போனா ஏதோ ராக்கெட் ஓட்டற ஃபீலிங். உண்மையிலேயே குளுகுளுன்னு இருக்கும், ஏன்னா உள்ள இழுக்கறப்ப அந்த மூடி மூடிக்கும், வெளிய விடறப்ப தொறந்து, மூச்சு வடிகட்டாம சுளுவா போயிரும். தூசிக்கு பண்ணுனது, பெயின்ட் அடிக்கறவங்களுக்கு, கல்லு அறுக்கறவங்களுக்கு. தொத்து நோய்ல நமக்கு இருந்தா அத எதிர்ல இருக்கறவன் மூஞ்சிக்கே பைப் வெச்சு அனுப்பற மாதிரி. 2020 ஜூலைல மத்திய சுகாதாரத் துறையே எல்லா மாநிலத்துக்கும் லெட்டர் போட்டுச்சு, வால்வ் வெச்ச என்95 பொதுமக்கள் போடாதீங்க, அது கொரோனா வெளிய பரவறத தடுக்காதுன்னு. 250 ரூவா போச்சு. அந்த ஓட்டை மேல செல்லோடேப் ஒட்டி ஒரு வாரம் ஓட்டுனேன், அப்பறம் மானம் போகுதுன்னு என் வீட்டுக்காரம்மா எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா, இப்பதான் பெட்டில கெடைச்சுது.

2021 மே மாசம். அத பத்தி ஜாஸ்தி எழுத கை வரல. 21ஆம் தேதி ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 36,000 பேருக்கு மேல பாசிட்டிவ். எங்க பெரியப்பாவ வெச்சுட்டு ஆம்புலன்ஸ்ல பெட்டுக்காக சுத்துனோம், கெடைச்சுது, ஆனா திரும்பி வரல. அவரு துணி மாஸ்க்தான் போட்டிருந்தாரு, மூக்குக்கு கீழ. அதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், எங்க எப்படி வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். ஆனா அதுக்கடுத்த நாள்ல இருந்து எங்க வீட்டுல எல்லாருக்கும் என்95.

மெடிக்கல் ஷாப்ல கேட்டேன், காதுல மாட்டறதுதான் இருக்குன்னாங்க. எங்க மாமா ஒருத்தரு ரைஸ் மில்லுல இருக்காரு, அவருதான் "தம்பி நீ ஏன் மருந்துக்கடைல தேடற, ஹார்டுவேர் கடைக்குப் போ"ன்னாரு. அங்கதான் இருந்துச்சு, தலைக்குப் பின்னாடி ரெண்டு பட்டை போடறது, 3எம் 8210ன்னு கிண்ணம் மாதிரி ஒண்ணு, அப்பறம் நம்மூரு கம்பெனிங்க பண்ற மடக்கற மாடல். இந்த மாஸ்க் எல்லாம் அடிப்படைல தூசில வேலை செய்யறவங்களுக்கு வந்ததுதான், ஆஸ்பத்திரிக்கு அப்பறமாத்தான் போச்சு. நம்ம நாட்டு ஸ்டாண்டர்டு வேணும்னா ஐஎஸ் 9473ன்னு போட்டு எஃப்எஃப்பி2ன்னு இருக்கான்னு பாருங்க, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கணும். என்95ங்கறது அமெரிக்கா ஸ்டாண்டர்டு, கேஎன்95ங்கறது சீனா. மூணும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான்.

என்95ல 95 என்னன்னா 0.3 மைக்ரான் சைஸ்ல இருக்கற துகள்ல 100க்கு குறைஞ்சது 95 புடிக்கணும். இங்கதான் எனக்கு ரொம்ப நாள் சந்தேகம், வைரஸ் அதவிட சின்னதாச்சே, அப்ப உள்ள போயிராதான்னு. வாட்ஸ்அப்ல கூட "கொசுவலைக்குள்ள மணல் போற மாதிரி"ன்னு ஒருத்தரு ஃபார்வர்டு பண்ணிட்டே இருந்தாரு. விசயம் என்னன்னா மாஸ்க் சல்லடை இல்ல. ரொம்பப் பெருசா இருந்தா நேரா வந்து நூல்ல மோதி நின்னுரும், ரொம்பப் பொடிசா இருந்தா காத்துல நேரா போகத் தெரியாம தள்ளாடி தள்ளாடி ஏதாவது ஒரு நூல்ல ஒட்டிக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த 0.3 சைஸ்தான் புடிக்கறதுக்கு இருக்கறதுலயே கஷ்டம், அதனாலதான் அந்த சைஸ்ல டெஸ்ட் வெக்கறாங்க. அதுக்கும் மேல அந்த நூல்ல கரண்ட்டு ஏத்தி வெச்சிருக்காங்க, சீப்புல தலை சீவிட்டு பேப்பர்கிட்ட கொண்டு போனா இழுக்குமே அந்த மாதிரி. அப்படி ஏத்தறதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சவரு பீட்டர் ட்சாய்னு, தைவான்ல பொறந்து அமெரிக்காவுல டென்னசி யுனிவர்சிட்டில வேலை பார்த்தவரு, ரிட்டயர்டு ஆயி ஒக்காந்திருந்தவரு 2020ல மறுக்கா வந்து மாஸ்க்க எப்படி திரும்ப திரும்ப பயன்படுத்தறதுன்னு ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சுட்டாரு. அதுக்கெல்லாம் நூறு வருசம் முன்னாடி, 1910-11ல மஞ்சூரியாவுல பிளேக் வந்தப்ப பஞ்சையும் காயத்துக்குக் கட்டற காஸ் துணியையும் சுத்தி மாஸ்க் போடுங்கன்னு சொன்னவரு வூ லியன்-டே, நம்ம ஆளுங்க நெறைய பேரு இருக்கற பினாங்குல பொறந்தவரு. கூட இருந்த ஒரு பிரெஞ்சு டாக்டரு அத மதிக்காம மாஸ்க் இல்லாம போயி பிளேக்ல செத்தே போயிட்டாரு. ஆக மாஸ்க் வேண்டாம்னு சண்டை போடறது ஒண்ணும் புதுசில்ல.

இந்தக் கரண்ட்டு கதை தெரியாம எங்க வீட்டுல ஒரு கூத்து. ஒரு நாள் சாயங்காலம் மொட்டை மாடிக்கு போறேன், கொடியில என் என்95 ரெண்டும் கிளிப் மாட்டி காயுது, கிண்ணம் மாதிரி இருக்கறதால இட்லித் தட்டு தொங்கற மாதிரி இருக்கு. என் வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டேன், "ஏம்மா இத துவைச்ச?" "நாறுச்சு, துவைச்சேன், ஒரு வாரமா போடறீங்க." சோப்புத் தண்ணிலயும் சானிடைசர்லயும் அந்த சார்ஜ் எறங்கிப் போயிரும், பார்க்க புதுசு மாதிரியே இருக்கும் ஆனா வடிகட்டறது கொறஞ்சிரும், அதுதான் ஆபத்து. அதுக்கப்பறம் கடை செவுத்துல அஞ்சு ஆணி அடிச்சேன், அஞ்சு காக்கி பேப்பர் கவரு, மேல திங்கள் செவ்வாய்னு மார்க்கர்ல எழுதி, ஒரு நாள் போட்டத கவருக்குள்ள தொங்க விட்டா அடுத்த வாரம்தான் கை வெப்பேன். பேப்பர் கவர்தான், பிளாஸ்டிக் கவர்ல போட்டா ஈரம் காயாது. சனிக்கிழமைக்கு 3 ப்ளை, கூட்டம் கம்மி. பட்டை லூஸாகிற வரைக்கும், இல்ல உள்ள கறையாகிற வரைக்கும் ஓட்டலாம், எனக்கு ஒரு செட்டு ஒரு மாசத்துக்கு மேல வந்துச்சு.

போடறதுல ஒரு விசயம். மூக்குக் கம்பிய ஒத்தக் கையால கிள்ளாதீங்க, கூரா ஒரு முனை வந்து ரெண்டு பக்கமும் சந்து விழும், ரெண்டு கை விரலாலயும் நடுவுல இருந்து ஓரத்துக்கு நீவி விடணும். அப்பறம் ரெண்டு கையாலயும் மூடி ஊதிப் பார்க்கணும், கண்ணுல காத்து அடிச்சா சரியா ஒக்காரலன்னு அர்த்தம். என்ன மாதிரி கண்ணாடிக்காரங்களுக்கு டெஸ்ட்டே தேவையில்ல, கண்ணாடி பனி மூடுனா மேல லீக்கு, முடிஞ்சுது. அப்பறம் தாடி. லாக்டவுன்ல சலூன் மூடி, எல்லாரும் சாமியார் மாதிரி திரிஞ்சோமில்ல, தாடி மேல எவ்வளவு வெலை மாஸ்க் போட்டாலும் ஒட்டாது, முடிக்கு நடுவுல காத்து போயிட்டு வந்துட்டு இருக்கும். நான் அதுக்காகவே மழிச்சேன், என் பொண்ணு ரெண்டு நாள் என்கிட்ட வரல.

தலைப்பட்டை என்95 பத்துக்கு ஒன்பது. அந்த ஒண்ணு ஏன் கொறைச்சேன்னா டீ குடிக்கறப்ப கழுத்துல தொங்க விட முடியாது, கழட்டி மாட்டறதுக்குள்ள தலைமுடி ரெண்டு புடுங்கிரும், மூக்கு மேல சாயங்காலம் ஒரு தழும்பு. அப்பறம் பேசறது கேக்காது, "எத்தன காப்பிங்க?"ன்னா "கோபியா?"ன்னு கேப்பாங்க, கோபிசெட்டிபாளையம் பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குதுன்னு ஒருத்தரு வழியே சொல்லிட்டுப் போனாரு.

காதுல மாட்டற கேஎன்95 அதவிட ஈஸிதான், ஆனா இழுவை பத்தாது, தாடைக்கிட்ட திறந்துக்கும். காதுக்குப் பின்னாடி புண்ணாயிரும் வேற. நான் ஸ்பைரல் பைண்டிங்க்கு வெச்சிருந்த பிளாஸ்டிக் சுருள்ல ஒரு துண்டு வெட்டி பின்னந்தலையில ரெண்டு ரப்பரையும் அதுல மாட்டிக்கிட்டேன், டைட்டும் ஆச்சு காதும் தப்பிச்சுது. கேட்டவங்களுக்கெல்லாம் ஒண்ணு வெட்டிக் குடுத்தேன். அப்படி மாட்டுனா எட்டு, காதுலயே விட்டா ஆறு.

ஜரிகை மாஸ்க் பத்தி என்ன சொல்ல. பொடவைக்கு மேட்சிங்கா ஜாக்கெட் பிட்டுல தெச்சது, ஜரிகை மூக்குல குத்தும், கல்யாண மண்டபத்துல போட்டோகிராபர் "எல்லாரும் மாஸ்க்க கழட்டிட்டு சிரிங்க"ன்னாரு, கழட்டுனாங்க, சாப்பாட்டுப் பந்திக்கு கழட்டுனாங்க, மொய் எழுதறப்ப மட்டும் போட்டிருந்தாங்க. கண்ணாடி மாதிரி மூஞ்சிக்கு முன்னாடி தொங்குற ஃபேஸ் ஷீல்டும் வாங்குனேன், அது கீழயும் சைடுலயும் ஓப்பன், தும்முறப்ப நேரா வர்றத தடுக்கும், காத்துல மெதக்கறத ஒண்ணும் பண்ணாது. தாடைக்கவசம்னு ஒண்ணு இருந்துச்சில்ல, மாஸ்க்க தாடைல விட்டுட்டு போலீஸப் பார்த்தா மேல ஏத்தறது, அதுக்கு 200 ரூவா ஃபைன், 2022 ஜனவரில 500 ஆக்குனாங்க. நான் கட்டுனதில்ல, என் கடைப் பையன் ரெண்டு தடவ கட்டுனான்.

"நீதான் இவ்வளவு பார்த்துப் பார்த்து போட்டியே, உனக்கு வரலியா?"ன்னு கேப்பீங்க. வந்துச்சு. 2022 ஜனவரில, ஒமிக்ரான் சீசன்ல. கடையில பத்து மணி நேரம் மாட்டிட்டு, சாயங்காலம் டீக்கடை பெஞ்சுல அஞ்சாறு பேரு ஒட்டி ஒக்காந்து மாஸ்க்க கழட்டி வெச்சு அரை மணி நேரம் அரட்டை, அதுல மூணு பேருக்கு ஒரே வாரத்துல. ஆரம்பத்துல எல்லாரும் கை கழுவு, கதவுக் கைப்புடிய தொடைன்னே சொல்லிட்டு இருந்தாங்க, 2020 ஜூலைல 239 விஞ்ஞானிங்க சேர்ந்து இது காத்துலயும் பரவுது, அதக் கவனிங்கன்னு லெட்டர் எழுதுனாங்க, அப்பவும் நம்ம மண்டைல ஏறல. நானும் காய்கறிய மஞ்சத் தண்ணில கழுவிட்டுத்தான் இருந்தேன். வந்தப்ப அஞ்சு நாள் தனி ரூம்ல இருந்தேன், வாசல்ல தட்டு வெக்க வர்றப்ப என் வீட்டுக்காரம்மாவும் மாஸ்க், நானும் மாஸ்க், வீட்டுல வேற யாருக்கும் வரல. மாஸ்க்னாலயா, தடுப்பூசினாலயா, அதிர்ஷ்டமான்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது.

ஒருத்தன் அனுபவத்த வெச்சு முடிவு பண்ணாதீங்க, பெருசா ஆராய்ச்சி பண்ணுனது வங்கதேசத்துல. 600 கிராமம், 3 லட்சத்து 40 ஆயிரம் பேரு அளவுக்கு, பாதி ஊருல ஃப்ரீயா மாஸ்க் குடுத்து, போடச் சொல்லி ஆளு வெச்சு ஞாபகப்படுத்துனாங்க, பாதி ஊர அப்படியே விட்டாங்க. சும்மா விட்ட ஊருல 100க்கு 13 பேரு ஒழுங்கா போட்டாங்க, மாஸ்க் குடுத்த ஊருல 42 பேரு. சர்ஜிகல் மாஸ்க் குடுத்த ஊருல அறிகுறியோட ரத்தப் பரிசோதனைலயும் தெரிஞ்ச கேஸ் 11 சதவீதம் கம்மி, 60 வயசு தாண்டுனவங்களுக்கு 35 சதவீதம் கம்மி. துணி மாஸ்க் குடுத்த ஊருல தெளிவா ஒண்ணும் தெரியல. 11தானான்னு இளக்காரமா கேக்கறவங்க இருக்காங்க, ஊருல பாதிப் பேரு கூட போடாமயே அந்த 11, அதுவும் சாதா 3 ப்ளைல. எனக்கு கண்ணுல பட்டது அந்த 35தான், எங்கம்மா வயசு அது.

இப்ப வெலை எல்லாம் தரைக்கு வந்துருச்சு. 50 பீஸ் 3 ப்ளை டப்பா நான் 120 ரூவாய்க்கு வாங்கினேன், வெட்டிப் பார்த்தேன், நடு லேயர் இருக்கு. தலைப்பட்டை மாடல் ஹார்டுவேர் கடையில 45 ரூவா, பத்து வாங்கி வெச்சிருக்கேன். எப்பவும் போடறதில்ல, ஆஸ்பத்திரிக்கு போனா, கூட்டமான பஸ்ஸுல ஏறுனா, வீட்டுல யாராவது இருமுனா மட்டும். கடையில ஒருத்தரு இருமிட்டே வந்தா நான் மாட்டிக்குவேன், அவருக்கும் ஒண்ணு நீட்டுவேன், சில பேரு மொறைப்பாங்க, சில பேரு வாங்கி மாட்டிட்டு "இதுக்கும் சேர்த்து பில்லாங்க?"ன்னு கேப்பாங்க.

அம்மா மட்டும்தான் வழிக்கு வரல. பேரன் இருமுறான், கிட்ட போகாதீங்கம்மான்னா முந்தானைய எடுத்து வாய்ல வெச்சுக்கறாங்க, "நாங்க அந்தக் காலத்துல அம்மை போட்டவங்கள எப்படிப் பார்த்தோம்னு நெனச்ச"ங்கறாங்க. கடைசியா அந்த ரேஷன் மாஸ்க்குக்கு உள்ள ஒரு 3 ப்ளை வெச்சு, இது ரேஷன்ல குடுத்ததுதான்மான்னு சொல்லி மாட்டி விட்டேன். போட்டுக்கிட்டாங்க.

ஒரே ஒரு உதவி வேணும். பையனுக்கு 8 வயசு, அஞ்சு வயசுக்கு கீழ மாஸ்க் தேவையில்லன்னும் 6ல இருந்து 11 வரைக்கும் பெரியவங்க பார்வையில போடலாம்னும் நம்ம ஊரு கைடுலைனே இருக்கு, ஆனா அந்த சைஸுக்கு ஒழுங்கா ஒட்டற மாஸ்க் ஈரோட்டுல எனக்கு கெடைக்கவே இல்ல, எல்லாத்துலயும் சோட்டா பீம் படம் இருக்கு, நடு லேயர் இல்ல. பெரியவங்க 3 ப்ளைய முடிச்சு போட்டு மாட்டி வெச்சிருக்கேன், சிரிச்சா மூக்குல இருந்து நழுவுது. யாராவது உங்க புள்ளைங்களுக்கு வாங்கி நல்லா இருந்துச்சுன்னா எந்த மாடல், என்ன வெலைன்னு சொல்லுங்க, கோயமுத்தூரா இருந்தாலும் பரவால்ல, ஞாயித்துக்கிழமை போயி வாங்கிட்டு வந்துருவேன், வெட்டிப் பார்க்க மட்டும் ஒண்ணு எக்ஸ்ட்ராவா வாங்கணும்.